எலுமிச்சைப் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எலுமிச்சையைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கே: எலுமிச்சை மணமுள்ள குளியலறை கிளீனர் மூன்று பாட்டில் தீர்ந்துவிட்டது. குழாயைச் சுற்றிப் படிந்த வெள்ளைக் கறை அப்படியே இருக்கிறது. இன்னும் எத்தனை பாட்டில் ஊற்ற வேண்டும்?

ப: ஒன்றுகூட வேண்டாம். பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். சிட்ரிக் அமிலம், லாக்டிக் அமிலம், சல்ஃபாமிக் அமிலம் என்று ஏதாவது ஓர் அமிலத்தின் பெயர் இருந்தால்தான் அது உப்புக் கறையை அசைக்கும். பெர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ், லிமோனீன் என்று மட்டும் இருந்தால் நீங்கள் மூன்று முறை வாங்கியது வெறும் வாசனை.

இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எலுமிச்சையில் இரண்டு தனித்தனிச் சரக்குகள் இருக்கின்றன. சாற்றில் இருப்பது சிட்ரிக் அமிலம், ஏறக்குறைய 5 முதல் 6 சதவீதம். தோலில் இருப்பது எண்ணெய், அதில் பெரும்பங்கு லிமோனீன். கடின நீர் காய்ந்து விட்டுப்போகும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைப்பது புளிப்பு, மணம் அல்ல. நம் மூக்குக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. அந்தக் குழப்பத்தை வைத்துத்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. நறுக்கிய பழம், தெறிக்கும் சாறு, பச்சை இலை என்று முன்பக்கம் முழுக்கப் படம். உள்ளே இருப்பதோ சோப்புத் திரவமும் நிறமும் ஒரு துளி மணமும். பாத்திரம் கழுவும் லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறதென்றால், அது அதிலுள்ள நுரைப் பொருளின் வேலை. எலுமிச்சைக்கு அதில் பங்கு இல்லை.

இன்னொரு விதமாகவும் காசு பிடுங்குகிறார்கள். ‘இயற்கையான எலுமிச்சை அமிலம்’ என்று எழுதிக் கூடுதல் விலை. எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை முதன்முதலில் படிகமாகப் பிரித்தவர் ஷீலே என்ற வேதியியலாளர், 1784இல். இன்று ஆலைகளில் சர்க்கரைக் கரைசலில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வளர்த்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். எங்கிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். சமையலுக்கான சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, வெள்ளைப் படிகமாகப் பாக்கெட்டில் கிடைக்கும். அதை வாங்குங்கள்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கரையுங்கள். பழைய துணியை அதில் நனைத்துக் குழாயின் அடியில் சுற்றி 15 நிமிடம் விடுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். படிவு தடிமனாக இருந்தால் மறுபடி செய்யுங்கள். ‘ராத்திரி முழுக்க ஊறட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள், முலாம் மங்கிப்போகும். தங்க நிறப் பூச்சுள்ள குழாய் என்றால் இந்த முறையே வேண்டாம்.

கே: கெட்டிலில் எலுமிச்சைத் துண்டுகளைப் போட்டுக் கொதிக்க வைத்தேன். உப்பு போகவில்லை. மேலே வேறு மாவு மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. கெட்டில் மட்டமானதா?

ப: கெட்டில் மேல் குற்றமில்லை. அரைப் பழத்தில் இருக்கும் அமிலம் ஒரு கிராமை எட்டினாலே அதிகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் தேவை. அதைப் பழச் சாறாகவே ஊற்றுவதென்றால் ஏறக்குறைய 400 மில்லி, பத்துப் பழத்துக்கு மேல் பிழிய வேண்டும். அந்த மாவு, கால்சியம் சிட்ரேட்டாக இருக்கலாம். அது குளிர்ந்த நீரைவிடச் சுடுநீரில் குறைவாகக் கரையும் பொருள். கொதிக்கக் கொதிக்க அது படிவின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். படிவு மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, சுவிட்சைப் போடாமல் அரை மணி நேரம் விடுங்கள். கொட்டிவிட்டு இரண்டு முறை அலசுங்கள். பிறகு ஒரு முறை நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டால் புளிப்பு இருக்காது.

கே: சமையலறை மார்பிள் மேடையை எலுமிச்சை கிளீனரால் துடைத்தேன். திட்டுத் திட்டாக மங்கிவிட்டது. எதைப் போட்டால் பளபளப்பு திரும்பும்?

ப: எதைப் போட்டாலும் திரும்பாது. மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். குழாய்க் கறையைத் தின்ற அதே அமிலம் உங்கள் மேடையையும் தின்றுவிட்டது. நீங்கள் பார்ப்பது கறை அல்ல, அரிப்பு. கல்லுக்கு மெருகேற்றுபவரை அழைத்துத் தேய்த்து எடுப்பது ஒன்றே வழி. நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தில் ‘இயற்கைக் கல்லில் பயன்படுத்த வேண்டாம்’ என்று நான்காவது வரியில் தெளிவாக இருக்கிறது. அதைப் படிக்காமல் ஊற்றிவிட்டு நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்டால் கிடைக்காது. முத்து நகையையும் இதில் முக்கிவிடாதீர்கள், அதற்கும் இதே கதிதான்.

கே: எலுமிச்சைச் சாற்றையும் பிளீச்சையும் கலந்து கழிப்பறை கழுவினால் இரட்டைப் பலன் என்கிறார்கள். இரண்டும் வீட்டில் இருக்கின்றன.

ப: கலக்காதீர்கள். பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். தெரியாமல் கலந்துவிட்டால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே வெளியே வாருங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

கே: எலுமிச்சை, சமையல் சோடா கலந்த ‘நுரைக்கும் பேஸ்ட்’ டப்பாவில் வருகிறது. வாங்கலாமா?

ப: வேண்டாம். நுரை வருவது சாற்றின் புளிப்பும் சோடாவின் காரத்தன்மையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால். ஒரு மேசைக்கரண்டி சாற்றின் புளிப்பைத் தீர்க்க, கால் தேக்கரண்டிக்கும் குறைவான சோடா போதும். நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது உப்புக் கரைசல். சோடாவைத் தனியாக ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் பிசுக்கு போகும், சாற்றைத் தனியாக விட்டால் உப்புக் கறை போகும். ஒன்றாகச் சேர்த்தால் இரண்டும் பாழ். ஈரம் பட்ட டப்பாவில் இரண்டும் நீங்கள் வாங்குவதற்கு முன்பே சண்டை போட்டு ஓய்ந்திருக்கும்.

கே: சமூக வலைத்தளத்தில் ஒரு பெண் விற்ற எலுமிச்சை ஃபேஸ்பேக்கை வாங்கிப் போட்டேன். ‘வெயிலில் காய வையுங்கள், அப்போதுதான் நிறம் கூடும்’ என்றார். இரண்டு நாளில் கன்னம் எரிந்து சிவந்து, இப்போது கருந்திட்டுகளாக நிற்கிறது. கேட்டால் என் தோல்தான் சரியில்லை என்கிறார்.

ப: உங்கள் தோலில் எந்தக் குறையும் இல்லை அம்மா. அவர் சொன்னதைக் கேட்டதுதான் உங்களை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. எலுமிச்சை வகைகளில், குறிப்பாகப் பழத்தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் உண்டு. அவை சருமத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போலவே புண்ணாகும். உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் பலர் வேறு எதையோ சந்தேகிக்கிறார்கள். வெயிலில் காய வைக்கச் சொன்னது மன்னிக்க முடியாத ஆலோசனை.

இப்போது செய்ய வேண்டியவை. கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். வெளியே போனால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போட்டு, நிழல் பட நடங்கள். திட்டு மங்கப் பல வாரம், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். அவசரப்பட்டு வெளுப்பாக்கும் க்ரீம் வாங்கிப் பூசாதீர்கள். லேபிள் இல்லாமல் விற்கும் அப்படிப்பட்ட க்ரீம்கள் பலவற்றில் பாதரசமோ கடுமையான ஸ்டீராய்டோ இருக்கிறது. தோல் மருத்துவரைப் பாருங்கள், அவர் எழுதிக்கொடுப்பதைப் பத்திரப்படுத்துங்கள். மிச்சப் பேக், டப்பா, அவருடைய செய்திகள், பணம் கட்டிய ரசீது, தேதியோடு எடுத்த முகப் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். வெயிலில் உட்காரச் சொன்ன அந்தச் செய்திதான் உங்கள் பலம். பணத்தைத் திருப்பித் தரும்படி முதலில் அவரிடமே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் விற்ற தளத்திலும், பணம் அனுப்பிய சேவையிலும், நுகர்வோர் புகார் பிரிவிலும் பதிவு செய்யுங்கள்.

கே: வைட்டமின் சி சீரம் விலை அதிகம். அதற்குப் பதிலாக எலுமிச்சைச் சாற்றையே தடவினால் என்ன?

ப: மேலே உள்ள கடிதத்தைப் படியுங்கள். அது போக, 15 சதவீத சீரத்தில் இருக்கும் வைட்டமின் சியின் அளவு, அதே அளவு எலுமிச்சைச் சாற்றில் இருப்பதைப் போல் ஏறக்குறைய 300 மடங்கு. சாற்றில் எரிச்சல்தான் மிச்சம். சீரம் வாங்குவதென்றால் அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில், சின்ன அளவில் வாங்குங்கள். திறந்தபோது வெளிறியிருந்தது பழுப்பாக மாறிவிட்டால் ஆக்சிஜன் பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

கே: காலையில் குடிக்க எலுமிச்சைக் கொழுப்புக் கரைப்பான் பொடி, 30 பாக்கெட். ஆர்டர் போட்டுவிடலாமா?

ப: போடாதீர்கள்.

கே: அப்பாவுக்குச் சிறுநீரகக் கல். எலுமிச்சை சிரப் குடித்தால் கரைந்துவிடும் என்று ஆறு பாட்டில் விற்றுவிட்டார்கள். வலி குறையவில்லை.

ப: வலியில் இருக்கும் பெரியவரிடம் இப்படி விற்றவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. எலுமிச்சையில் உள்ள சிட்ரேட், சிறுநீரில் புதிதாகக் கால்சியம் கல் உருவாவதைத் தடுக்க உதவும் என்பது உண்மை. அந்த உண்மையை இழுத்து நீட்டித்தான் விற்கிறார்கள். ஏற்கெனவே இறுகிவிட்ட கால்சியம் ஆக்சலேட் கல்லை அது கரைக்காது. யூரிக் அமிலக் கல்லைக் கரைக்க மருந்து உண்டு, ஆனால் அதை மருத்துவர்தான் தர வேண்டும். எந்தக் கல் என்று தெரியாமல் இன்னொரு பாட்டில் வேண்டாம். காய்ச்சலோ சிறுநீர் அடைப்போ இருந்தால் இன்றே அழைத்துப் போங்கள். பிரிக்காத பாட்டில்களைத் திருப்பிக் கொடுங்கள்.

கே: எலுமிச்சைத் துண்டு போட்டுவைக்க உள்ளே சல்லடைக் குழாய் உள்ள செம்புப் பாட்டில் வாங்கினேன். குடித்தால் குமட்டுகிறது.

ப: குடிப்பதை நிறுத்துங்கள். புளிப்பு செம்பை அரித்துத் தண்ணீரில் இறக்கும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டினால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. செம்பில் எலுமிச்சை ஊற வைக்கும் வடிவமைப்பே தவறு, தயங்காமல் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். செம்பைத் தேய்த்துக் கழுவ எலுமிச்சையும் உப்பும் அருமையான ஜோடி. அரைப் பழத்தை உப்பில் தொட்டுத் தேய்த்து, உடனே கழுவி ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் பச்சை பிடிக்கும்.

கே: கொசுவுக்கு எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைத்தேன், பயனில்லை. ‘லெமன் யூகலிப்டஸ்’ என்று ஒன்று இருக்கிறதாமே?

ப: இருக்கிறது. பெயரில் மட்டுமே எலுமிச்சை, அது ஒரு யூகலிப்டஸ் மரம். அதன் இலை எண்ணெயைப் பக்குவப்படுத்தி பிஎம்டி என்ற பொருளைச் செறிவாக்கிய விரட்டி, கொசுவைச் சில மணி நேரம் நன்றாகவே தடுக்கும். ஆனால் அதே பெயரில் வரும் சாதாரண வாசனை எண்ணெயில் அந்தச் செறிவு இருக்காது. பெயரைப் பார்த்து நான் வாங்கி ஏமாந்தது இந்த இரண்டாவது பாட்டிலில்தான். லேபிளில் பிஎம்டி என்ற எழுத்தும் சதவீதமும் இருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது.

கே: பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறு, பழத்துக்கு ஈடாகுமா?

ப: புளிப்புக்கு ஈடாகும், மணத்துக்கு ஆகாது. ‘சாறு’ என்று எழுதியிருக்கிறதா, ‘பானம்’ என்றா, ‘சுவையூட்டியது’ என்றா என்று பாருங்கள். பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். முதல் பெயர் தண்ணீராகவும் இரண்டாவது சிட்ரிக் அமிலமாகவும் இருந்தால் அது எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் சல்ஃபைட் வகைப் பதப்படுத்திகளைக் கவனியுங்கள். ஈ223, ஈ224 என்றும் எழுதுவார்கள், சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும்.

கே: மலிவாகக் கிடைத்ததென்று ஐம்பது பழம் வாங்கினேன். ஒரு வாரத்தில் கல்லாகிவிட்டன.

ப: திறந்த கூடையில் வைத்தால் தோல் வழியே ஈரம் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு வாரம் தாங்கும். மிஞ்சுவதைப் பிழிந்து ஐஸ் தட்டில் உறைய வையுங்கள். வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதைவிடக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானது சாறுள்ளது. தோல் மெல்லியதாக, வழுவழுப்பாக, அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். தோலையும் சமையலில் சேர்ப்பவர்கள் மெழுகு பூசாத பழமாகக் கேட்டு வாங்குங்கள்.

கே: ஸ்குவீசரில் பிழிந்தால் பாதிச் சாறு பழத்திலேயே நிற்கிறது, மீதி முகத்தில் தெறிக்கிறது. எந்த ஸ்குவீசர் நல்லது?

ப: புதிதாக வாங்கும் முன் பழத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள். கிண்ணத்தின் வளைவுக்குப் பொருந்துகிறதே என்று பலர் தோல் பக்கத்தைக் கீழே வைக்கிறார்கள். வெட்டிய பக்கம் துளைகளைப் பார்த்தபடி கீழே இருக்க வேண்டும். கைப்பிடியை அழுத்தும்போது மேல்குமிழ் தோலைக் குடைபோல உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டும். சாறு நேரே கீழே இறங்கும். பழம் பெரிதாக இருந்தால் காம்பு முனையைச் சற்றுச் சீவிவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அரை மணி நேரம் வெளியே வைத்து, உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு வெட்டுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், மூட்டில் ஆட்டமில்லாத, முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்ததாக வாங்குங்கள். மஞ்சள் பெயின்ட் அடித்த அலுமினியம் பார்க்க அழகாக இருக்கும். நான் வாங்கியதில் சில மாதத்திலேயே பெயின்ட் செதில் செதிலாக உரிந்து சாற்றில் மிதந்தது.