மதுரையில இருந்து அமெரிக்கா போற வயசான அப்பா அம்மாவுக்கு அவ்வளவு நேர ஃப்ளைட்ல உடம்பு கெடாம இருக்க என்ன செய்யணும்?

கழுத்து தலகாணி எது வாங்கலாம், தூக்க மாத்திரை குடுத்து விடலாமான்னு கேட்டிருக்கீங்க. தலகாணி எதுனாலும் சரி, தூக்க மாத்திரை வேணாம், ஏன்னு கீழ சொல்றேன். ஆனா நம்ம ஊரு பெருசுங்களுக்கு ஃப்ளைட்ல உடம்பு கெடறதுக்கு முக்கால்வாசி காரணம் கூச்சம்தாங்க. பாத்ரூம் போகணும்னா பக்கத்துல தூங்குற வெள்ளக்காரன எழுப்பணும், அதுக்கு கூச்சப்பட்டு போறதில்ல, போற நெலம வரக்கூடாதுன்னு தண்ணியே குடிக்கிறதில்ல, அப்படியே அசையாம உக்காந்து வந்து இறங்குறப்ப கால் ரெண்டும் வீங்கி செருப்பு நுழையாது. எங்க வீட்டுல எல்லாருக்கும் இதே கதைதான். நான் டாக்டர் இல்ல, திருமங்கலத்துல இருந்து டெக்சாஸுக்கு அண்ணன் வீட்டுக்கு அம்மாவையும் அத்தையையும் அனுப்பி வைக்கிற ஆளு, அம்புட்டுதான்.

அதனால காசு செலவு பண்றதுன்னா மொதல்ல நடைபாதை ஓர சீட்டுக்கு பண்ணுங்க. அப்பா ஓரத்துல, அம்மா அதுக்கடுத்த சீட்டுல. எழுப்பணும்னா அப்பாவத்தான் எழுப்பணும், அதுல என்ன கூச்சம் கெடக்கு. ஜன்னல் சீட்டுதான் வேணும்னு அப்பா அடம் பிடிச்சா, வளைகுடா வழியா போற ஃப்ளைட் நெறைய சென்னையில இருந்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிரும், வெளிய இருட்டத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க.

அடுத்தது யாரும் சொல்லிக் குடுக்காத விஷயம், ஃப்ளைட் பாத்ரூம். அந்த கதவு நெறைய விமானத்துல நடுவுல அழுத்துனா மடங்கும், வெளிய நின்னு கைப்பிடியத் தேடிட்டு பூட்டியிருக்குன்னு திரும்பி வந்துருவாங்க. உள்ள தாழ்ப்பாள முழுசா தள்ளுனாத்தான் லைட் நல்லா எரியும். ஃப்ளஷ் பண்ணா புஸ்ஸுன்னு பெரிய சத்தம் வரும், பயப்பட ஒண்ணுமில்ல. தண்ணி பைப் இருக்காது, பேப்பர்தான், அதனால கைப்பையில ஒரு சின்ன காலி பாட்டில் வச்சு விடுங்க, அங்க வாஷ்பேசின்ல பிடிச்சுக்கலாம் (அந்த தண்ணிய குடிக்க வேணாம்). யூடியூப்ல வீடியோ இருக்கு, ஒரு தடவ போட்டுக் காட்டிட்டா அவங்களே தைரியமா தண்ணி குடிப்பாங்க.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, அசையாம உக்காந்தா கெண்டைக்கால் சதை வேலை செய்யாது, அந்த சதை சுருங்கி விரிஞ்சாத்தான் கால்ல இருக்கிற ரத்தம் மேல ஏறும், இல்லன்னா ஆழத்துல இருக்கிற ரத்தக்குழாய்ல கட்டியா உறைஞ்சிரலாம், அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வுல 4 மணி நேரத்துக்கு மேல பயணம் பண்ணா இந்த ஆபத்து சுமார் 2 மடங்கு ஆகுதுன்னு வந்துச்சு. பயந்துராதீங்க, ஆரோக்கியமா இருக்கறவங்கள்ல சுமார் 6000 பேர்ல ஒருத்தருக்குத்தான். ஆனா சமீபத்துல ஆபரேஷன் பண்ணவங்க, மூட்டு மாத்துனவங்க, கேன்சர் வைத்தியத்துல இருக்கறவங்க, முன்னாடியே ரத்தம் உறைஞ்சவங்க டாக்டரப் பாக்காம டிக்கெட் போடவே கூடாது. அதே ஆய்வுல பஸ், ரயில், காருக்கும் இதே கணக்குதான். நம்ம ஆளுங்க ராத்திரி ஆம்னி பஸ்ல காலத் தொங்கப் போட்டுட்டு சென்னை போயி, ஏர்போர்ட்ல பாதி ராத்திரி உக்காந்து, அப்புறம் துபாய், அங்கிருந்து டாலஸுக்கு 16 மணி நேரம்னு போவாங்க. பேசாம பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல பெர்த் போட்டு படுத்துட்டுப் போகச் சொல்லுங்க, இல்ல மதுரையிலயே ஃப்ளைட் ஏத்தி விடுங்க.

உக்காந்த இடத்துலயே குதிகால ஊனி முன்பாதத்தத் தூக்கறது, முன்பாதத்த ஊனி குதிகாலத் தூக்கறது, முழிச்சிருக்கறப்ப எல்லாம் பண்ணச் சொல்லுங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு அங்கிட்டு இங்கிட்டு நடக்கட்டும். சீட்டுக்கு அடியில பைய வச்சு கால் நீட்ட இடமில்லாம பண்ணிக்கிறாங்க, அத மேல வச்சிரணும். தூக்க மாத்திரை வேணாம்னது இதுக்குத்தான், மயங்கிக் கெடந்தா கால் அசையவே அசையாது. இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸ் நல்லது, முழங்காலுக்குக் கீழ வர்றது, கெண்டைக்கால் அளவு எடுத்து வாங்கணும், பெரியாஸ்பத்திரி பக்கம் சர்ஜிக்கல் கடையில கேளுங்க. சுகர்ல கால் மரத்துப் போனவங்க, கால்ல புண்ணு இருக்கறவங்க டாக்டரக் கேக்காம போடக்கூடாது. ஆஸ்பிரின் போட்டுட்டு ஏறுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவாரு, நீங்களா குடுக்காதீங்க.

உள்ள காத்தழுத்தம் 6000ல இருந்து 8000 அடி மலை உயரத்துல இருக்கற மாதிரி, அதாவது கொடைக்கானல்ல உக்காந்திருக்கறதுக்குச் சமம். கொடைக்கானல் போறப்ப சிப்ஸ் பாக்கெட் உப்புமே, வயித்துக்குள்ள இருக்கற காத்தும் அப்படித்தான் உப்பும், அதனால முதல்நாள் ராத்திரி பரோட்டா சால்னா, சுண்டல், சோடா எல்லாம் வேணாம், இட்லி போதும். மாடி ஏறுனாலே மூச்சு வாங்கறவங்க, ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கறவங்க இதையும் டாக்டர்ட்ட சொல்லணும். காத்து ரொம்ப வறண்டிருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ, உதடு மூக்கு காஞ்சா தேங்காயெண்ணெய் தடவலாம், 100 மில்லிக்குள்ள இருக்கற பாட்டில்தான் விடுவான். இறங்க அரை மணி இருக்கறப்பவே முழிச்சுக்கிட்டு எச்சி முழுங்கணும், மிட்டாய் சப்பணும், தூங்கிட்டே இறங்குனா காது அடைச்சுக்கும்.

சாப்பாட்டுல ஒரு கூத்து. 'ஹிந்து மீல்'னு போட்டா சைவம்னு நெனைக்கிறாங்க, அது பெரும்பாலும் மாட்டுக்கறி இல்லாத அசைவம். சைவம்னா 'ஏசியன் வெஜிடேரியன்'னு முன்கூட்டியே போட்டுருங்க, இல்லன்னா வெறும் பன்ன தின்னுட்டு பட்டினியா போவாங்க, சுகர் உள்ளவங்களுக்கு அது நல்லதில்ல. மாத்திரை, இன்சுலின், டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு எல்லாம் கைப்பையிலதான், இன்சுலின் லக்கேஜுல போனா உறைஞ்சு வீணாகலாம். மேற்க போறப்ப ஒரு நாளே நீண்டுரும், எந்த மாத்திரை எப்பன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிருங்க.

வீல்சேர் பத்தி ஒரு வார்த்த. இங்கிலீஷ் தெரியாதுங்கறதுக்காக நல்லா நடக்கறவங்களுக்கும் எல்லாரும் போடறாங்க, இமிக்ரேஷனுக்கு உதவிதான், ஆனா அவ்வளவு நேரம் உக்காந்தவங்கள மறுபடி உக்கார வைக்கிறோம். துபாய்ல கேட் பக்கத்துல விட்டதும் எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க.

போய்ச் சேந்ததும் ரெண்டு காலும் லேசா வீங்கியிருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல வத்திரும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலிச்சு, சூடா செவப்பா இருந்தா அன்னைக்கே காட்டணும், மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தா அந்த ஊரு அவசர நம்பர் 911க்குத்தான் போன் பண்ணணும். ரெண்டு மூணு வாரம் கழிச்சுக்கூட வரலாம், அதனால ஆஸ்பத்திரியில 'இந்தியாவுல இருந்து ஃப்ளைட்ல வந்தாங்க'ன்னு மொதல் வார்த்தையா சொல்லச் சொல்லுங்க அங்க இருக்கற உங்க தம்பிய.