அனுப்பிய கையோடு சாக்கெட்டை மூடினால் கடைசிச் செய்தி ஏன் தொலைகிறது?

கேள்வி: என் கிளையன்ட் நிரல் வெளியேறும் முன் சர்வருக்குக் கடைசியாக ஒரு செய்தி அனுப்புகிறது. அடுத்த வரியிலேயே சாக்கெட்டை (இணைப்பின் என் பக்க முனையை) மூடுகிறேன். சில சமயம் அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. நடுவில் அரை நொடி ஸ்லீப் போட்டதும் சரியானது போலத் தெரிகிறது. இது போதுமா?

போதாது. தரவைப் பாக்கெட்டுகள் என்னும் துண்டுகளாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை, தொலைந்த ஒரு பாக்கெட்டைத் திரும்ப அனுப்பவே சில நேரம் ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். மெதுவான மொபைல் இணைப்பில் உங்கள் அரை நொடி எந்த மூலைக்கு? ஸ்லீப் பிழையைத் தீர்க்கவில்லை, அபூர்வமாக்கி மறைத்துவிட்டது. இதைவிட ஆபத்து வேறில்லை.

சென்ட் அழைப்பு வெற்றி என்று திரும்பினால், உங்கள் பைட்டுகள் இயங்குதளத்தின் தற்காலிகச் சேமிப்பிடமான பஃபருக்குப் போயின என்று மட்டுமே பொருள். சர்வர் அவற்றைப் பார்த்ததா என்பது அதற்குத் தெரியாது.

சரி, சாதாரணமாக மூடினால் பஃபரில் மிச்சமிருப்பதை இயங்குதளம் பின்னணியில் அனுப்பத்தானே செய்யும்? செய்யும். ஆனால் சர்வர் உங்களுக்கு ஏதாவது அனுப்பி, அதைப் படிக்காமலே நீங்கள் மூடினால் கதை மாறுகிறது. உதாரணமாக, சர்வர் அவ்வப்போது அனுப்பும் ஒரு 'பிங்' உங்கள் பக்கம் படிக்கப்படாமல் கிடக்கிறது என்று வையுங்கள். அந்த நிலையில் குளோஸ் செய்தால் டிசிபி முறையாக விடைபெறாமல், இணைப்பைச் சட்டென முறிக்கும் ரீசெட் அனுப்பும். 1989-இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1122 இப்படித்தான் செய்யச் சொல்கிறது. ரீசெட் போய்ச் சேர்ந்ததும், சர்வர் இன்னும் எடுத்துப் படிக்காத உங்கள் கடைசிச் செய்தியும் சேர்ந்தே அழியலாம். சர்வர் லாகில் 'கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்' தென்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

முறை இதுதான். எல்லாவற்றையும் எழுதி முடித்தபின் குளோஸுக்குப் பதில் ஷட்டவுன் அழைத்து, எழுதும் திசையை மட்டும் மூடுங்கள். 'இனி என்னிடமிருந்து ஒன்றும் வராது' என்று சர்வருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ரிசீவ் பூஜ்யம் தரும்வரை, அதாவது சர்வரும் தன் பக்கம் எழுதி முடிக்கும்வரை, வருவதையெல்லாம் படித்துக்கொண்டே இருங்கள். பூஜ்யம் வந்தபின் குளோஸ். எதிர்முனை உறைந்துபோனால் நீங்களும் மாட்டிக்கொள்ளக் கூடாதே, அதற்காக ஐந்து நொடி போல ஒரு கால வரம்பு வையுங்கள்.

மிச்சத் தரவு போகும்வரை குளோஸைக் காத்திருக்க வைக்கும் லிங்கர் ஆப்ஷனை நேரத்தோடு வைத்தாலும், தரவு எதிர்முனை இயங்குதளத்தை அடைந்ததுவரைதான் உறுதி. அந்த நேரத்தைப் பூஜ்யமாக வைத்தால் மிச்சத் தரவைத் தூக்கி எறிந்துவிட்டு ரீசெட் போகும், அதைத் தொடாதீர்கள்.

நூலகங்களுக்கும் தனி பஃபர் உண்டு. நோட்.ஜேஎஸ்ஸில் மூட அழைக்க வேண்டியது டெஸ்ட்ராய் அல்ல, எண்ட். பைத்தானின் அசிங்க்ஐஓ நூலகத்தில் டிரெயின் என்பது பஃபர் குறையும்வரைதான் காத்திருக்கும், காலியாகும்வரை அல்ல. குளோஸ் செய்தபின் வெயிட் குளோஸ்டுக்கும் காத்திருங்கள். டிசிபிக்குப் பதில் யுடிபி நெறிமுறை மேல் ஓடும் ஈநெட் நூலகத்தைப் பயன்படுத்தினால், வரிசையில் நிற்பவை போனபின் துண்டிக்க 'டிஸ்கனெக்ட் லேட்டர்' என்றே ஓர் அழைப்பு இருக்கிறது.

ஆனால் அந்தச் செய்தி ஒரு ஆர்டரோ பணப் பரிமாற்றமோ என்றால் இவை எதையும் நம்பாதீர்கள். செய்திக்கு ஓர் எண் கொடுங்கள், சர்வர் அதைச் சேமித்தபின் அதே எண்ணோடு பதில் அனுப்பட்டும், அது கைக்கு வந்தபின் மூடுங்கள். பதில் வராவிட்டால் மறு இணைப்பில் அதே எண்ணோடு திரும்ப அனுப்பலாம், சர்வர் இரட்டைப் பதிவைத் தள்ளிவிடும். வெறும் 'நான் கிளம்புகிறேன்' என்றால் இவ்வளவு வேண்டாம். கிளையன்டின் மின்சாரமே போனால் அந்தச் செய்தி எப்படியும் வராது, அதனால் கிளையன்டிடமிருந்து கொஞ்ச நேரம் எதுவும் வராவிட்டால் அது போய்விட்டது என்று கொள்ளும் ஹார்ட்பீட் டைம்அவுட் சர்வரில் இருந்தே ஆக வேண்டும்.

சோதிக்க, லினக்ஸில் மோசமான நெட்வொர்க்கைப் போலச் செய்யும் நெட்எம் மூலம் தாமதமும் பாக்கெட் இழப்பும் சேர்த்து ஓட்டி, பாக்கெட்டுகளைக் காட்டும் கருவியான வயர்ஷார்க்கில் இணைப்பின் கடைசிப் பாக்கெட்டுகளைப் பாருங்கள். இரு பக்கமிருந்தும் ஃபின் (முறையாக விடைபெறும் பாக்கெட்) வந்தால் சரி. உங்கள் பக்கத்திலிருந்து ரீசெட் போயிருந்தால், எங்கோ படிக்காமல் மூடுகிறீர்களா என்று தேடுங்கள்.