‘ஆன்’ கதையை எழுதிய லூசி மாட் மாண்ட்கோமரி: கேள்வி பதில்

கே: ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலில் வரும் ஆன் என்ற சிறுமியைப் போல, எழுதியவரும் அனாதையா?

ப: முழு அனாதை இல்லை. 1874-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே அம்மா காசநோயில் இறந்துவிட்டார். அப்பா மேற்குப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார். காவென்டிஷ் கிராமத்தில் அம்மா வழித் தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள்.

கே: கிராமத்தில் இருந்துகொண்டு எப்படிப் பத்திரிகைகளுக்கு எழுதினார்?

ப: தாத்தா வீட்டிலேயேதான் ஊர்த் தபால் நிலையமும் இருந்தது. சிறுமியாக இருந்தபோது எழுதக் காகிதம் கிடைக்காமல், தபால் நிலையத்தின் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கவிதை எழுதினார். வளர்ந்த பிறகு கதை அனுப்புவதும், வேண்டாம் என்று திரும்பி வருவதும் அக்கம்பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. அந்த வசதி இல்லாவிட்டால் எழுத்தையே விட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கே: முதல் நாவல் பல இடங்களில் திரும்பி வந்ததாமே?

ப: ஆமாம். பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றில் அவரே தட்டினார். அதில் பெரிய எழுத்துகள் தெளிவாக விழாது, ‘டபிள்யூ’ விழவே விழாது. பதிப்பகங்கள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பியதும் தொப்பிப் பெட்டியில் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு நாள் எடுத்துப் படித்து, மறுபடி அனுப்பினார். 1908-இல் பாஸ்டனின் எல்.சி. பேஜ் நிறுவனம் வெளியிட்டது.

கே: அவ்வளவு விற்ற புத்தகம், நல்ல பணம் வந்திருக்குமே?

ப: வந்தது, ஆனால் வர வேண்டிய அளவுக்கு இல்லை. ராயல்டி பத்து சதவீதம். அதுவும் கடை விலையில் இல்லை, கடைக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலையில். பிரதிக்கு ஒன்பது சென்ட் மாதிரி. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு எழுதுவதையும் அதே கணக்கில் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பேஜ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். 1919-இல் அந்த வழக்கை முடித்துக்கொண்டு உரிமைகளை அவர்களுக்கே விற்றார். அதே ஆண்டு ஆன் கதை சினிமாவாக வந்தது, அவருக்கு ஒரு சென்ட் கூட இல்லை. 1920-இல் அவர் சம்மதம் இல்லாமலே ஒரு கதைத் தொகுப்பையும் பேஜ் நிறுவனம் வெளியிட்டது. அதை எதிர்த்துக் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு வழக்காடி ஜெயித்தார். இனிமையான கதை எழுதியவர் என்று மட்டும் அவரை நினைப்பவர்கள் இந்தப் பிடிவாதத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கே: குடும்ப வாழ்க்கை?

ப: கடினம். 1911-இல் போதகர் யூவன் மக்டொனால்டைத் திருமணம் செய்து ஒன்டாரியோவுக்குப் போனார். கணவருக்குக் கடுமையான மனச்சோர்வு. சபைக்குத் தெரியாமல் அதை மறைத்துக்கொண்டு, வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்து, எழுதவும் செய்தார். அந்த வேதனையெல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது. 1942-இல் டொராண்டோவில் இறந்தார். நாட்குறிப்புகள் 1985-இலிருந்துதான் அச்சில் வரத் தொடங்கின.

கே: ஆனுக்குப் பிறகு எதைப் படிக்கலாம்?

ப: 1923-இல் வந்த ‘எமிலி ஆஃப் நியூ மூன்’. எழுத்தாளராக வேண்டும் என்று துடிக்கும் சிறுமியின் கதை. எமிலியும் தபால் படிவத்தின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறாள்.