ரஸ்தாவில் நிற்காத ரயில்

வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, பன்னிரண்டு வருஷம் கழித்து, தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, அந்தக் காலத்தில் வில்வண்டி கட்டிக்கொண்டு அங்கே வந்துதான் ரயில் பிடித்து, தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போவாராம். நான் போன நேரத்தில் பிளாட்பாரத்தில் என்னைத் தவிர இரண்டு நாய்கள்தான் இருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு எக்ஸ்பிரஸ் வந்தது, நிற்காமலே போனது. மனசு கஷ்டமாகிவிட்டது. ரயில்தானே செட்டிநாட்டை வளர்த்தது? பாதையை அகலமாக்கி, மின்கம்பி இழுத்து, கடைசியில் ஸ்டேஷனைக் கொன்றுவிட்டார்களா? மீட்டர் கேஜ் என்ற பழைய குறுகிய பாதையே இருந்திருக்கலாமோ? அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம்: ரஸ்தா என்றால் என்ன?

ஒரு வாசகர், சென்னை

*

அன்புள்ள நண்பருக்கு,

ரயில்தானே செட்டிநாட்டை வளர்த்தது என்று கேட்கிறீர்கள். இல்லை. ரயில் நம்மூருக்கு ரொம்பத் தாமதமாக வந்தது.

திருச்சியிலிருந்து கிளம்பிய பாதை 1929-இல் புதுக்கோட்டையைத் தொட்டது. 1930-இல்தான் காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் வீட்டு முகப்பில் கட்டிய வருஷம் பொறித்திருந்தால் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் அதற்கு முந்தியவையாக இருக்கும். கானாடுகாத்தான் அரண்மனை 1912-இல் எழும்பியது. பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கடல் கடந்து வந்தன, கடைசி மைல்களை மாட்டுவண்டி இழுத்தது. இத்தனைக்கும் நாகப்பட்டினம் – திருச்சி ரயில் 1860-களிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபத்துக்கு 1902-இல் பாதை வந்துவிட்டது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு வரி வசூலித்துப் போட்ட பாதை 1903 முடிவில் அறந்தாங்கி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடி சுமார் முப்பது கிலோமீட்டர். அந்தத் துண்டைப் போட்டு முடிக்க 1952 ஆயிற்று! சுற்றிலும் ரயில், நடுவில் வண்டித்தடம். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கப்பல் ஏறிப் பணம் சேர்த்ததெல்லாம் அந்த வண்டித்தடத்தின் காலத்தில்தான்.

சரி, 1930-இல் ரயில் வந்தது. அதே சமயத்தில் உலகமெங்கும் பொருளாதார மந்தம், பர்மாவில் நெல் விலை விழுந்தது. அங்கே செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியாமல், காசுக்குப் பதில் வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. பன்னிரண்டு வருஷத்தில் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்தான், வயலும் போயிற்று. அந்தப் பாதையில் பணம் வந்ததைவிட, ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்ததுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். உங்கள் ஐயா கொழும்பு ஆள் என்பதால் கொஞ்சம் தப்பித்திருப்பார்.

உங்கள் சின்னச் சந்தேகத்துக்கு வருகிறேன், என் கண்ணில் அதுதான் பெரிய கேள்வி. ரஸ்தா என்றால் சாலை. பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்ட சொல். கொடை ரோடு என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அதே கதைதான். காரைக்குடியிலிருந்து கல்லல், சிவகங்கை என்று பாதை போகிறது, தேவகோட்டை அதற்குக் கிழக்கே பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. இங்கே இறங்கினால் தேவகோட்டைக்குச் சாலை உண்டு, அவ்வளவுதான் அந்தப் பெயர்ப்பலகை சொல்வது. ஐயாவுக்கு வில்வண்டி தேவைப்பட்டது அதனால்தான். வண்டி கட்ட வசதி இல்லாதவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பஸ் வந்து ஊருக்கு நடுவிலேயே இறக்கிவிட ஆரம்பித்த பிறகு, ரயிலுக்காக எதற்குப் பத்து கிலோமீட்டர் போக வேண்டும்? ரஸ்தாவில் கூட்டம் குறைய ஆரம்பித்தது மீட்டர் கேஜ் காலத்திலேயே. பாதையை அகலமாக்கியவர்கள் மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

அப்படியானால் முன்பு ரயில் ஏன் அத்தனை இடத்தில் நின்றது? நமக்காக என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்தேன். நான் வளர்ந்தது கல்லலில். சாயங்கால பாசஞ்சர் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷன் வேலியில் போய் உட்கார்ந்துகொள்வோம். முதலில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் பாயிண்ட்ஸ்மேன் இரும்புக் கம்பியால் அடிப்பார். கைகாட்டி இறங்கும். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பிரம்பு வளையத்தை நீட்டுவார், வளையத்தின் அடியில் ஒரு தோல் பை. உள்ளே என்ன இருக்கிறது என்று ரொம்ப நாள் எங்களுக்குள் சண்டை. பணம் என்றான் ஒருவன், டிரைவருக்கு இட்லி என்றான் இன்னொருவன்.

உள்ளே இருந்தது ஓர் இரும்புப் பந்து. ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதனால் இரண்டு ஸ்டேஷன்களிலும் ஜோடிக் கருவிகள். அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பக்கத்துக் கருவியிலிருந்து ஒரு பந்து வெளியே விழும். பந்து கையில் இல்லாத டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு நகரக் கூடாது. ஆக ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன், அதில் மூன்று வேளையும் ஆள், எதிர் வண்டி வந்து தாண்டும்வரை காத்திருப்பு. நீராவி எஞ்சினுக்கு இடையிடையே தண்ணீர் வேறு வேண்டும். ரயில் தன் வேலைக்காக நின்றது, நாம் அந்த நேரத்தில் ஏறி இறங்கிக்கொண்டோம். ஓசியில் கிடைத்த நிறுத்தம் அது. எதிர் வண்டிக்காகக் காத்திருந்த அந்த இருபது நிமிஷத்தில்தான் வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் பனங்கிழங்கும் விற்றன. கூடைக்காரி ஒருத்தி என் சட்டைப் பையில் அவித்த கிழங்கு ஒன்றைத் திணித்துவிட்டுப் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. காசு கேட்கவில்லை, அப்பாவைத் தெரிந்தவளாக இருக்க வேண்டும்.

இப்போது வண்ண விளக்குச் சிக்னல். பந்து வேண்டாம், வளையம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ரயிலுக்கு ரஸ்தாவில் வேலையில்லை. அதனால் நிற்கவில்லை.

மீட்டர் கேஜே இருந்திருக்கலாமோ என்ற கேள்விக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். பழைய ராமேஸ்வரம் வண்டியில் ராத்திரி முழுக்கக் கரியும் புழுக்கமுமாக எழும்பூர் போனவன் நான். 2013-இல் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடி வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, விடிவதற்கு முன்னால் ஏறினால் மதியச் சாப்பாடு சென்னையில். சென்னையில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளைக் கேட்டுப் பாருங்கள், மீட்டர் கேஜ் என்று வாயைத் திறந்தால் அடிக்க வருவார்கள். இன்னொன்று, நாடெங்கும் 1676 மில்லிமீட்டர் பாதை ஆகிவிட்ட பிறகு, நாம் மட்டும் 1000 மில்லிமீட்டரில் உட்கார்ந்திருந்தால் எந்த வண்டியும் இந்தப் பக்கம் வந்திருக்காது.

என் கோபம் வேறு இடத்தில். காரைக்குடி – பட்டுக்கோட்டை பாதையை அகலமாக்குவதற்காக 2012-இல் மூடினார்கள். திறந்தது 2018-இல். ஆறு வருஷம்! கண்டனூர் புதுவயலிலிருந்து ரயிலில் பள்ளிக்கூடம் போன பையன், அதற்குள் படிப்பை முடித்து, மோட்டார் சைக்கிள் வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டிருப்பான். மூடிவைத்த கடைக்கு வாடிக்கை திரும்புமா?

திருவாரூர் வரை முழுதாக 2019-இல் திறந்தபோது நடந்த கூத்தையும் சொல்லியாக வேண்டும். பாதை தயார், கேட் போட ஆள் இல்லை. அதனால் கேட்கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு லெவல் கிராசிங்குக்கு முன்னாலும் வண்டி நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டிக்காரர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேடிக்கையைப் பாருங்கள்: புத்தம் புது அகலப்பாதையில், ரயில் பழையபடி தன் வேலைக்காக நிற்க ஆரம்பித்திருந்தது. நின்ற இடத்தில் பிளாட்பாரம்தான் இல்லை.

அதற்கப்புறம் கொரோனா. பாசஞ்சர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டி, பத்து ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் மறுபடி பத்துக்கு இறங்கியது. சந்தைக்குக் கீரை கொண்டுபோகிற பெண்ணுக்கு அந்த இருபது ரூபாய் சின்னத் தொகையா? அவள் ஷேர் ஆட்டோவுக்குப் பழகிவிட்டாள். ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிற அம்ரித் பாரத் திட்டத்தில் காரைக்குடி ஸ்டேஷனுக்குப் புது முகப்பு, நல்லதுதான். முகப்புக்கு ஆன செலவில் ஒரு துளியாவது, கல்லலுக்கும் கோட்டையூருக்கும் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று கூடுதல் பாசஞ்சர் விடுவதற்கு ஆகியிருக்கலாம் என்பது என் கட்சி. ரயில் தன் வேலைக்காக நிற்காத காலத்தில், நமக்காக நில் என்று யாராவது உத்தரவு போட்டால்தான் அது நிற்கும். வில்வண்டி காலத்தில் அப்படிக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுத்த தடவை வரும்போது ரஸ்தாவில் நின்று எக்ஸ்பிரஸைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். காரைக்குடியிலேயே மானாமதுரை பக்கம் போகிற பாசஞ்சரைப் பிடியுங்கள். ரஸ்தாவைத் தாண்டியதும் இடது பக்கமும் வலது பக்கமும் கண்மாய்கள் வரும், தை மாதமென்றால் தண்ணீர் இருக்கும். ஜன்னல் ஓரம் இடம் கிடைப்பதில் ஒரு சிரமமும் இராது. கல்லலில் இறங்கினால் சொல்லியனுப்புங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

அன்புடன்.