தேனீக்களை எண்ணுவது எப்படி? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ம்யூனிக்கில் இருக்கிறோம். வரும் பள்ளி விடுமுறையில் நான்கு நாள் ஃப்ளாரன்ஸ் போவதாகத் திட்டம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. முன்பு ரோம் போனபோது வாட்டிகன் அருங்காட்சியகத்தில் மகன் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். மகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எங்களுக்காகப் பின்னால் வந்தாள்.

இந்த முறை ஒரு தோழி ஒரு யோசனை சொன்னாள். ஊரில் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களின் புகைப்படங்களை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்து, "இது எங்கே இருக்கிறது, கண்டுபிடித்து நீயும் ஒரு படம் எடு" என்று புதையல் வேட்டை மாதிரி நடத்தலாம் என்று. எனக்குப் பிடித்திருக்கிறது. என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "மைக்கலாஞ்சலோவின் ஊருக்குப் போய்க் கண்ணாமூச்சி ஆடப் போகிறீர்களா? வரலாற்றையும் மொபைல் கேம் ஆக்கிவிடுங்கள்" என்கிறார்.

இத்தாலிய ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன். இது சரிப்படுமா? எதையெல்லாம் தேடச் சொல்லலாம்? கையில் போனைக் கொடுப்பதா? இருவருக்கும் சண்டை வராமல் எப்படி நடத்துவது? உஃபிஸி ஓவியக்கூடத்துக்குப் போகாமலே விட்டுவிடலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. டேவிட் சிலை, டுவோமோ என்ற பெரிய தேவாலயம், பொன்டே வெக்கியோ என்ற பழைய பாலம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் நின்று படமெடுத்து டிக் அடித்துக்கொண்டே போனால், பெரியவர்கள் செய்யும் அசட்டுத்தனத்தைப் பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். டுவோமோவை யாராவது தேட வேண்டுமா என்ன? அந்த ஊரில் அதைப் பார்க்காமல் இருப்பதுதான் சிரமம்.

மற்றப் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஊர்க்காரர்கள் பின்னால் வருபவர்கள் பார்க்கட்டும் என்றே சுவரெல்லாம் அடையாளம் வைத்துவிட்டுப் போனவர்கள். வெள்ளம் எதுவரை வந்தது, இது எந்தக் குடும்பத்து மாளிகை, இந்தச் சிலைக்கு எந்தத் தொழில்காரர்கள் காசு கொடுத்தார்கள், எல்லாமே கல்லில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி உருவமாகவே இருக்கிறது. ஆகவே தேடுவதை நாம் புதிதாக அந்த ஊரின் மேல் ஏற்றவில்லை. படத்தில் கொடுப்பது மட்டும் உள்ளங்கை அளவு விஷயமாக இருக்க வேண்டும். அந்த உள்ளங்கைக்குப் பின்னால் ஒரு கதையும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத படத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நான் முதலில் கொடுக்கும் படம் ஒரு கை. பலாஸ்ஸோ வெக்கியோ என்ற பழைய அரண்மனைக்குப் பின்புறத்திலிருந்து சான்டா குரோச்சே தேவாலயத்தை நோக்கிப் போகும் தெரு வியா டெய் நேரி. அதில் வியா சான் ரெமிஜியோ வந்து சேரும் மூலையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கல்லில் செதுக்கிய ஒரு கை, விரலை நீட்டி, அலை அலையான ஒரு கோட்டைச் சுட்டிக்காட்டும். 1333 நவம்பர் 4 அன்று ஆர்னோ நதி அந்தத் தெருவில் ஏறிய மட்டம் அது. அதே சுவரில், அதற்கும் மேலே, இன்னொரு பலகை. அது 1966ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு. தேதியை மகளையே படிக்கச் சொல்லுங்கள். அதுவும் நவம்பர் 4. நடுவில் 633 வருடம்.

மகனை அப்பாவின் தோளில் ஏற்றி, கையை உயர்த்தச் சொல்லி, சுவரோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். அப்போதும் கோடு எட்டாது. வெள்ளம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அங்கிருந்து சான்டா குரோச்சே சில நிமிட நடைதான். உள்ளே சிமாபூவே என்ற பழைய ஓவியர் வரைந்த பெரிய மரச்சிலுவை இருக்கிறது. 1966இல் தண்ணீரில் ஊறி அதன் வண்ணத்தில் பாதிக்கு மேல் உரிந்து போயிற்று. பின்னர் சீர்செய்தபோது இழந்ததை இழந்ததாகவே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே தேசிய நூலகம். சேறு அப்பிய புத்தகங்களைக் கைக்குக் கை மாற்றி வெளியே கொண்டுவர எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று ஊர் இன்றும் அவர்களைச் சொல்கிறது. இதையெல்லாம் அந்தக் கையைக் கண்டுபிடித்த பிறகு சொல்லுங்கள். முன்னால் சொன்னால் பாடம், பின்னால் சொன்னால் கதை.

அடுத்தது மூன்று காலில் நிற்கும் குதிரை. எட்டு வயதுப் பையனுக்கு இது போதும், நாள் முழுக்க. டுவோமோவிலிருந்து சிக்னோரியா சதுக்கத்துக்குப் போகும் வழியில் ஓர்சன்மிக்கேலே இருக்கிறது. தேவாலயம்தான், ஆனால் பார்க்கத் தேவாலயம் மாதிரி இருக்காது. 1337இல் தானியச் சந்தையாகக் கட்டத் தொடங்கிய கட்டடம், மேல் மாடிகளில் தானியக் கிடங்கு. வெளிச்சுவரைச் சுற்றிலும் மாடங்கள், ஒவ்வொரு மாடத்திலும் ஒரு தொழில் சங்கம் தன் காவல் புனிதரின் சிலையை வைத்தது. லாடம் அடிப்பவர்களின் புனிதர் எலிஜியஸ். லாடம் அடிக்க வந்த குதிரை ஒன்று நிற்காமல் முரண்டு பிடித்ததாம். அவர் அதன் காலைக் கழற்றி, பட்டறையில் வைத்து நிதானமாக லாடம் அடித்து, திரும்பப் பொருத்திவிட்டாராம். சிலைக்குக் கீழே உள்ள சின்னப் புடைப்புச் சிற்பத்தில் நன்னி தி பாங்கோ இதை அப்படியே செதுக்கியிருக்கிறார். புனிதர் கையில் கால், பக்கத்தில் மிச்சக் குதிரை, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள்.

அதே சிற்பியின் நான்கு புனிதர்கள் இன்னொரு மாடத்தில் நிற்கிறார்கள். அது கல் தச்சர்களும் மரத் தச்சர்களும் சேர்ந்த சங்கத்துடையது. அங்கேயும் சிலையை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். ஒருவர் சுவர் எழுப்புகிறார், ஒருவர் துளையிடுகிறார், ஒருவர் குழந்தை உருவம் ஒன்றைச் செதுக்குகிறார். காசு கொடுத்தவர்கள் தங்கள் வேலையையே விளம்பரமாக வைத்துவிட்டார்கள். தெருவில் நிற்பவை இப்போது நகல்கள், மூலச் சிலைகள் உள்ளே மாடியில். வேட்டைக்கு நகலே போதும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டுவோமோவின் பின்பக்கம் தரையில் ஒரு வெள்ளைப் பளிங்கு வட்டம், எந்தக் குறிப்பும் இல்லாமல் கிடக்கும். கூரை உச்சியில் சிற்பி வெரோக்கியோ செய்து ஏற்றிய செப்புப் பந்து 1600 வாக்கில் மின்னல் தாக்கி உருண்டு விழுந்த இடம். மாளிகைச் சுவர்களில் கதவுக்குப் பக்கத்தில், குட்டிக் கோயில் வாசல் போல முழங்கை உயரத்துக்கு ஒரு பொந்து இருக்கும். பணக்காரக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்து ஒயினைத் தெருவில் போவோருக்குச் சில்லறையாக விற்ற ஜன்னல் அது. 1630இல் பிளேக் வந்தபோது தொடாமல் விற்க உதவியது, 2020இல் கொரோனா வந்தபோது சிலர் மறுபடி திறந்தார்கள். பழைய ஊருக்குள் இப்படி 150க்கு மேல் இருக்கின்றன. கடைகளுக்குச் சிவப்பு எண்ணும் வீடுகளுக்குக் கறுப்போ நீலமோ ஆன எண்ணும் தனித்தனி வரிசையாக ஓடுவதை மகளே கண்டுபிடிக்கட்டும். ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் சின்னத்தில் உருண்டைகள் எத்தனை என்று ஊர் முழுக்க எண்ணலாம். பெரும்பாலும் ஆறு, ஆனால் பழைய சின்னங்களில் கூடும். டுவோமோவின் வடக்குப் பக்கம் மேலே ஒரு மாட்டுத் தலை எட்டிப் பார்க்கும். கல் இழுத்த மாடுகளுக்கு நன்றியாக வைத்தது என்று சொல்லிவிடுங்கள். ஊரில் சொல்லும் இன்னொரு கதை மனைவி, கணவன், கொத்தனார் சம்பந்தப்பட்டது. அதை இரவு உங்கள் கணவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு அரை நாளை சந்திஸிமா அனுன்சியாத்தா சதுக்கத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே ஒரு பக்கம் முழுவதும் நீளமான தூண் வரிசை. பட்டுத் தொழில் சங்கத்தின் செலவில் புருனெல்லெஸ்கி 1419இல் கட்டத் தொடங்கிய இன்னொசென்டி இல்லம், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கானது. வளைவுகளுக்கு நடுவே நீல வட்டங்களில் துணி சுற்றிய கைக்குழந்தைகள், ஆந்திரேயா டெல்லா ரோபியா செய்தவை. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். 'துணி அவிழ்ந்துகொண்டிருக்கும் குழந்தை எது?' என்று ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள், இருவரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்கள். தூண் வரிசையின் இடது கோடியில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதன் வழியாகத்தான் குழந்தையை விட்டுச் செல்வார்கள். 1875இல் மூடினார்கள். 1445 பிப்ரவரியில் வந்து சேர்ந்த முதல் குழந்தை பெண், அகாதா ஸ்மெரால்டா என்று பெயர் வைத்தார்கள்.

உள்ளே இப்போது அருங்காட்சியகம். சிறு இழுப்பறைகளில், குழந்தையோடு தாய் வைத்துவிட்டுப் போன பொருள்கள் இருக்கின்றன. பாசிமணி, ரிப்பன் துண்டு, பாதியாக வெட்டிய பதக்கம். மறுபாதி தாயிடம். என்றாவது திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்து அடையாளம் காணலாம் என்ற ஏற்பாடு. இங்கே இருப்பவற்றின் மறுபாதி வரவில்லை. இதை எட்டு வயதுப் பையனிடம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம் என்பது என் எண்ணம். அவன் கேட்டால், கேட்ட அளவுக்கு. மகள் கேட்காமலே புரிந்துகொள்வாள்.

வெளியே வந்ததும் சதுக்கத்தின் நடுவே குதிரை மேல் மெடிச்சி குடும்பத்து ஆட்சியாளர் முதலாம் ஃபெர்டினாண்டோ. துருக்கியரிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்த சிலை, 1608இல் நிறுவினார்கள். பீடத்தின் பின்பக்கம் போனால் வெண்கலத் தேனீக் கூட்டம், நடுவில் ராணி, சுற்றிலும் வட்ட வட்டமாகத் தேனீக்கள். கையால் தொடாமல், விரலால் சுட்டாமல், கண்ணாலேயே எண்ணி முடித்தால் அதிர்ஷ்டம் என்பது ஊர் நம்பிக்கை. வட்டத்தில் சுற்றும்போது எங்கே தொடங்கினோம் என்பது நழுவிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு இடத்தில் மட்டும் காமிராவை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். படமெடுத்துப் பெரிதாக்கி எண்ணுவது கள்ள ஆட்டம். விடையை நான் இங்கே எழுதப்போவதில்லை, உங்கள் கணவரும் இதைப் படிப்பார் அல்லவா.

போன் வேண்டாம். படத்தைக் காட்டினால் இரண்டு நொடியில் இடத்தைச் சொல்லிவிடும் வசதி இன்று எல்லாப் போனிலும் இருக்கிறது, வேட்டை அத்தோடு முடிந்தது. அலமாரியில் கிடக்கும் பழைய டிஜிட்டல் காமிராவைத் தேடி எடுங்கள். ஒன்று போதும். படங்களின் தாளை மகனிடம் கொடுங்கள், வரைபடத்தை மகளிடம். எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பது அவளுக்குத்தான் தெரியும், எதைத் தேடுகிறோம் என்பது அவனுக்குத்தான் தெரியும். காமிரா, யார் முதலில் கண்டார்களோ அவருக்கு அல்ல, மற்றவருக்கு. சண்டை வரத்தான் செய்யும், ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் ஓட முடியாது. மதிப்பெண், பரிசு எதுவும் வைக்காதீர்கள். ஜெலாட்டோ எப்படியும் வாங்கித் தரத்தானே போகிறீர்கள்.

அரை நாளுக்கு எட்டுப் படம் போதும். இரண்டு கிடைக்காமல் போகட்டும், மறுநாள் வேறு எதையோ தேடும்போது தானாகக் கண்ணில் படும். நீங்கள் இருவரும் பத்தடி பின்னால் வாருங்கள். "அதோ பார், மேலே பார்" என்று வாய் வரைக்கும் வரும். அடக்கிக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

உஃபிஸியை விட வேண்டாம். ஒரு மணி நேரம், மூன்றே படம். ஜென்டிலே தா ஃபாப்ரியானோ 1423இல் முடித்த 'ஞானியர் வணக்கம்' (மூன்று ராஜாக்கள் குழந்தை யேசுவை வணங்கும் காட்சி) ஓவியத்தில் இளம் ராஜாவின் காலடியில் குனிந்து அவனுடைய குதிமுள்ளைக் கழற்றும் பையன். உச்செல்லோவின் சான் ரொமானோ போர்க்களத்தில் பின்னங்காலை உதைக்கும் குதிரை. போட்டிசெல்லியின் 'ஞானியர் வணக்க'த்தில் வலது ஓரத்தில் நின்று நம்மையே பார்க்கும் ஆள், அது போட்டிசெல்லியேதான் என்கிறார்கள். மூன்றும் கிடைத்ததும் வெளியே வந்துவிடுங்கள், 'வீனஸின் பிறப்பு' வழியிலேயே இருப்பதால் அதை எப்படியும் பார்த்துவிடுவார்கள்.

கடைசி நாள் பிள்ளைகள் படமெடுக்கட்டும், நீங்களும் உங்கள் கணவரும் தேடுங்கள். மைக்கலாஞ்சலோவை அவர் அங்கே சேர்த்துக்கொள்ளலாம். பழைய அரண்மனையின் முகப்பில், வலது மூலைக்கு அருகே, ஹெர்குலிஸ் சிலைக்குப் பின்னால், கல்லில் கீறிய ஒரு மனிதனின் பக்கவாட்டு முகம் இருக்கிறது. மைக்கலாஞ்சலோ விளையாட்டாகக் கீறியது என்று ஊர் சொல்கிறது. நிரூபணம் ஒன்றும் கிடையாது.

உஃபிஸி திங்கட்கிழமை மூடியிருக்கும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம், ஆனால் வயதுக்கு அத்தாட்சி கேட்பார்கள், பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள், காலையில் முதல் நேரமே கிடைத்தால் நல்லது.

அன்புடன்