4கே டிஸ்க்கா, ஸ்பீக்கரா?

கேள்வி: 'ஹீட்' படத்தின் 2009 புளூ-ரே என்னிடம் இருக்கிறது சார். அல் பசீனோவும் ராபர்ட் டி நீரோவும் நடித்த படம். எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. இப்போது 4கே டிஸ்க்கை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று மகன் சொல்கிறான். டிவி 43 அங்குலம், சோபா பத்தடி தள்ளி. வாங்கட்டுமா?
- தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோத்தகிரி

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன், அந்த டிஸ்க்கை எதில் போடப் போகிறீர்கள்? உங்கள் புளூ-ரே பிளேயர் 4கே டிஸ்க்கைப் படிக்காது. அதற்கென்று தனி பிளேயர் வேண்டும், அல்லது டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 வேண்டும். ஆகவே டிஸ்க்கின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அனுப்பும் செலவு, சுங்கம், பிளேயர் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து டிவி. 43 அங்குலத் திரையைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது, புளூ-ரேயின் 1080 வரிகளுக்கும் 4கேயின் 2160 வரிகளுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் நிறத்தையும் கூடுதல் விரிவாகக் காட்டும் முறை, 4கே டிஸ்க்கில் உண்டு. அதில் வித்தியாசம் தெரியலாம், ஆனால் அதற்கு டிவி நல்ல வெளிச்சம் தர வேண்டும். விலை குறைந்த டிவிகளில் எச்டிஆர் என்று ஸ்டிக்கர்தான் இருக்கும். இரவுக் காட்சி வந்தால் திரையே மங்கிவிடும். 'ஹீட்' படத்தில் பாதி இரவில்தான் நடக்கிறது.

இந்தப் படத்தை இயக்குநர் மைக்கேல் மேனின் மேற்பார்வையில் 4கேயில் புதிதாகச் சீரமைத்து, 2017-இல் ஒரு புளூ-ரே வெளியிட்டார்கள். 4கே டிஸ்க் வந்தது 2022-இல். ஒலி மூன்று பதிப்பிலும் 5.1 தான், அதாவது ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெட்டி). தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் அட்மாஸ் எதிலும் கிடையாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2017 புளூ-ரேயைத் தேடுவேன். கிடைக்கவில்லையா, கையில் இருக்கிற 2009 டிஸ்க்கே போதும். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுத் தெருவில் சுட்டுக்கொண்டே போகிற அந்தக் காட்சியில், துப்பாக்கிச் சத்தத்தை ஸ்டுடியோவில் தனியாகச் செய்து ஒட்டவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் படம்பிடிக்கும்போது பதிவான சத்தத்தையே பயன்படுத்தினார்கள். உயரமான கட்டடங்களில் மோதித் திரும்பி வரும் எதிரொலியும் அதில் இருக்கிறது. தீபாவளிக்கு குன்னூர்ப் பள்ளத்தாக்கில் ஒரு அணுகுண்டு வெடித்தால் எதிர் மலையில் பட்டு இன்னொரு தடவை கேட்குமே, கிட்டத்தட்ட அதுதான். டிவியின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் அது 'டப் டப்' என்றுதான் கேட்கும். டிஸ்க்கை மாற்றினாலும் 'டப் டப்'தான்.

இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. 2017, 2022 டிஸ்க்குகளில் ஒலி டிடிஎஸ்-எச்டி என்ற வகையில் பதிவாகியிருக்கிறது. பிளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) ஒயர் கொடுத்தால், சில டிவிகள் டிடிஎஸ்ஸைக் கடத்தவே கடத்தாது. ஒலி வராது, வந்தாலும் வெறும் ஸ்டீரியோவாக வரும். அதனால் எச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள சவுண்ட்பாராகப் பார்த்து வாங்கி, பிளேயரை நேரே அதில் செருகுங்கள். ஆப்டிகல் ஒயரே போதும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள். டிஸ்க்கில் உள்ள முழு ஒலி அந்த ஒயரில் போகாது.

இன்னொன்று. படத்தில் பொடிப்பொடியாக ஏதோ நெளிவது தெரிந்தால் டிஸ்க் பழுது என்று நினைக்காதீர்கள், அது பிலிமிலேயே இருக்கும் பொடிப் புள்ளிகள், 'கிரெயின்' என்பார்கள். டிவியில் இரைச்சல் குறைப்பு, அசைவை வழவழப்பாக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிட்டு 'சினிமா' அமைப்பில் வையுங்கள். காசு செலவில்லாமல் பாதிச் சீர்திருத்தம் முடிந்தது.

கேள்வி: படத்தில் பேசுவது காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால், சுட ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டில் லைட் எரிகிறது. எங்களுடையது பழைய வீடு, பலகைத் தரை, தகரக் கூரை. சவுண்ட்பார், சப்வூஃபர் எல்லாம் போன வருடம் வாங்கியதுதான்.
- இல்லத்தரசி, குன்னூர்

பதில்: குற்றம் தரையில் இருக்கிறது அம்மா. மரச்சட்டத்தின் மேல் அடித்த பலகைக்குக் கீழே காலியிடம். அதன்மேல் சப்வூஃபரை வைத்தால் அறை முழுவதும் மத்தளமாகிவிடும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு வெடிக்கும் அலமாரிக் கண்ணாடி கலகலத்தது. கடைசியில் சமையலறை வேலையில் மிஞ்சிய கிரானைட் துண்டுக்கு அடியில் நாலு ரப்பர் கட்டை கொடுத்து, அதன்மேல் பெட்டியை ஏற்றினேன். மூலையிலிருந்தும் இரண்டடி வெளியே இழுத்தேன். மூலையில் இருந்தால் தாழ்ந்த ஒலி பெருகும். பாதி நடுக்கம் அன்றைக்கே நின்றது.

பேச்சுக்கு வருகிறேன். 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். சவுண்ட்பார் அமைப்பில் 'சென்டர்' என்று இருந்தால் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் 'நைட் மோட்' போடுங்கள். அது உரத்த சத்தத்தை அமுக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்கும். பகலில் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சண்டைக் காட்சி சப்பென்று போய்விடும்.

ஆடி மழை தகரத்தில் கொட்டும்போது எந்த அமைப்பும் உதவாது. அன்றைக்கு சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு ஆக்‌ஷன் பட புளூ-ரே வாங்கினேன். பிளேயர் எடுக்க மறுக்கிறது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, திருப்பி வாங்க மாட்டோம் என்கிறார்கள்.
- கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: அட்டையின் பின்புறம் சின்ன உலக உருண்டைப் படத்தில் 'ஏ' என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். புளூ-ரேக்கு உலகத்தை மூன்று பிராந்தியமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா 'ஏ', பிரிட்டன் 'பி', இந்தியா 'சி'. இங்கே விற்கும் பிளேயர் 'ஏ' மட்டும் உள்ள டிஸ்க்கை எடுக்காது. 4கே டிஸ்க்குக்கு இந்தப் பிராந்தியத் தொல்லை கிடையாது.

விற்பனைப் பக்கத்தில் பிராந்தியம் என்ன என்று போட்டிருந்தார்களா? போட்டிருந்தும் நீங்கள் கவனிக்கவில்லை என்றால் தவறு உங்களுடையது. போடவில்லை, அல்லது எல்லாப் பிளேயரிலும் ஓடும் என்று எழுதியிருந்தார்கள் என்றால் விடாதீர்கள். அந்தப் பக்கத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். எழுத்தில் கேளுங்கள், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ஒரு டிஸ்க்குக்காக இவ்வளவா என்றால், பெரும்பாலும் 1915 கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி: கொடைக்கானல் ஈரத்தில் டிஸ்க் பூசணம் பிடிக்குமா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: பிடிக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பிளேயரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் குளிரில் கிடந்த பிளேயருக்குப் பக்கத்தில் காலையில் கணப்பை மூட்டி, வெந்நீரும் கொதிக்கவிட்டால் உள்ளே லென்ஸில் ஆவி படியும். அறை சூடான பிறகு ஒரு மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள்.