மண்டி அண்ணாச்சி பதில்கள்: பிரிட்டன் பிரிந்ததும் புளியரை லாரியும்

கேள்வி: அண்ணாச்சி, கல்லூரிப் பட்டிமன்றத்தில் ‘ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் பிரிட்டன் சோற்றுக்குத் திண்டாடியது’ என்று நான் பேச வேண்டும். நாலு பாயிண்ட் தருவீர்களா?
- கல்லூரி மாணவி, செங்கோட்டை

பதில்: தருகிறேன் தாயி. ஆனால் முதல் பாயிண்ட் உன் அணிக்கே ஆகாது: யாரும் திண்டாடவில்லை. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். 2020 ஜனவரி 31-ல் விலகினார்கள். பழைய நடைமுறை மட்டும் அந்த வருஷக் கடைசி வரை ஓடியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அடித்துப் பிடித்து ஒப்பந்தம் போட்டு, அவரவர் மண்ணில் விளைந்த சரக்குக்குச் சுங்கவரி கிடையாது என்று முடித்துக்கொண்டார்கள்.

வரி இல்லையே, அப்புறம் என்ன கஷ்டம் என்பாய். கஷ்டம் காகிதத்தில் வந்தது. இறைச்சி, பால் பொருள் என்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். செடி கொடிக்கு வேறு சான்று. பத்து வியாபாரிகளின் சரக்கை ஒரே லாரியில் ஏற்றியிருந்தால், ஒருவர் சீட்டில் பிழை இருந்தாலும் மற்ற ஒன்பது பேர் சரக்கும் சேர்ந்து நிற்கும்.

இதை நம் ஊர் ஆளுக்கு விளக்கவே வேண்டாம். பாவூர்சத்திரத்தில் சாயங்காலம் கேரளத்துக்கு லோடு ஏற்றுகிறோம். அடியில் பூசணி, மேலே கத்தரி, வெண்டை மூட்டை, கடைசியாகத் தக்காளிப் பெட்டி. ராத்திரியோடு ராத்திரியாகப் புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு தாண்டி, விடியும்முன் புனலூர், கொட்டாரக்கரை கடைக்காரர் கையில் சரக்கு இருக்க வேண்டும். மலையில் ஒரு லாரி கவிழ்ந்து மூன்று மணி நேரம் வழி அடைத்தால் போதும். காலை வியாபாரம் போச்சு. அடித்தட்டுத் தக்காளி கசிந்து பெட்டி ஈரமாகிவிடும். கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பாதி விலை சொல்வார், நாமும் கொடுத்துவிட்டு வருவோம். வரி ஒரு பைசா இல்லாமலேயே இவ்வளவு நஷ்டம். ஐரோப்பாவுக்கு லாரிகள் கப்பலேறும் பிரிட்டனின் டோவர் துறைமுகத்திலும் கதை இதுதான்.

இன்னொன்று. ஐரோப்பியர்கள் 2021 ஜனவரி முதல் நாளிலிருந்தே சோதனை போட்டார்கள். நெதர்லாந்து சுங்கக்காரர்கள் லாரி டிரைவர் கையில் வைத்திருந்த ஹாம் (பன்றி இறைச்சி) சாண்ட்விச்சைக்கூடப் பிடுங்கினார்கள். பிரிட்டனோ, உள்ளே வரும் சரக்குக்குத் தன் பங்குச் சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. சான்றிதழ் கேட்டது 2024 ஜனவரியில். பெட்டியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தது ஏப்ரல் 30-ல். சரக்கு நின்றுவிடுமோ என்ற பயம்தான். அந்த நாடு சாப்பிடுவதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் சொந்த விளைச்சல். பழத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சோதனை வந்ததும் சரக்கு ஒரு வகைக்கு 29 பவுண்டு வரை, உச்சமாக 145 பவுண்டு என்று கட்டணமும் வந்தது. கண்டெய்னர் கணக்கில் இறக்குபவருக்கு அது டீ செலவு. இத்தாலியிலிருந்து நாலு பெட்டி சீஸ் வரவழைக்கும் மூலைக்கடைக்காரருக்கு லாபமே அதில் போய்விடும். உன் பேச்சை இந்தக் கடைக்காரரிடமிருந்து ஆரம்பி.

கேள்வி: 2023-ல் அங்கே ‘ஆளுக்கு மூணு தக்காளிப் பாக்கெட்தான்’ என்று எழுதி வைத்தார்களாமே? விலகியதற்குக் கிடைத்த தண்டனைதானே அது?
- லாரி உரிமையாளர், புளியரை

பதில்: உங்களுக்கு யார் மேல் கோபம்? பிப்ரவரியில் டெஸ்கோ, ஆஸ்டா போன்ற பெரிய கடைகள் அப்படி அளந்து விற்றது உண்மை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் குளிர் கூடி விளைச்சல் கெட்டது. மொராக்கோ ஒன்றியத்திலேயே இல்லை. உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறி, கண்ணாடிக் கூடாரத்தில் சூடேற்றித் தக்காளி போடுபவர்கள் நடவைக் குறைத்தார்கள். ‘அப்படியானால் பாரிஸில் மட்டும் தக்காளி எப்படிக் கிடைத்தது’ என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. சரக்கு குறைந்தால் கூடுதல் விலையும் குறைந்த தொல்லையும் உள்ள இடத்துக்கே விற்பவன் அனுப்புவான். ஓண வாரத்தில் சரக்கெல்லாம் கேரளத்துக்கு ஏற, நம் மண்டியில் நாகர்கோவில் வியாபாரி கையைப் பிசைந்து நிற்பதை நீங்கள் பார்த்ததில்லையா? விலகல் தட்டுப்பாட்டைக் கொண்டுவரவில்லை. வந்த தட்டுப்பாட்டில் பிரிட்டனை வரிசையின் பின்னால் தள்ளியிருக்கும் என்பது என் கணக்கு.

அப்போதைய அமைச்சர் தெரேஸ் காஃபி, இது டர்னிப் (முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு) சீசன், அதைச் சாப்பிடலாமே என்கிற தொனியில் நாடாளுமன்றத்தில் பேசினார். டர்னிப் போட்டு ரசம் வைத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கேள்வி: விலகியதில் ஒரு நன்மைகூடவா இல்லை? லண்டனில் இருக்கும் என் மகள் ஒரு வருஷம் பாகற்காய், புடலங்காய் கிடைக்கவில்லை என்று புலம்பினாள்.
- இல்லத்தரசி, தென்காசி

பதில்: அது 2014 மே மாதம் அம்மா. பழ ஈ இருக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் பாகல், புடலை, கத்தரி, சேம்பு இலையையும் நிறுத்தியது. பிரிட்டன் அப்போது உள்ளே இருந்ததால் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அங்கிருந்த நம் ஊர்க் கடைக்காரர்கள் கத்தியும் பலனில்லை. மாம்பழத் தடை 2015-ல் நீங்கியது. ‘என் வீட்டுச் சமையலுக்கு பிரஸ்ஸல்ஸ்காரன் யார்’ என்று (ஒன்றியத்தின் தலைமையகம் அங்கேதான்) கேட்டு விலகச் சொன்னவர்களுக்கு இதுமாதிரிக் காரணங்களும் இருந்தன. அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

கேள்வி: நாம் காய்கறியை நிறுத்தினால் கேரளம் என்ன செய்யும்?
- விவசாயி, கடையநல்லூர்

பதில்: நிறுத்த முடியாது. நாடு முழுக்க வாணிபம் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 301-வது பிரிவு சொல்கிறது. முடிந்தாலும் முதலில் அழப்போவது நீங்கள்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளிப் பாதை முடங்கியபோது கம்பம் பக்கத்து விவசாயிகளைக் கேட்டிருக்க வேண்டும். பிரிட்டனிலும் பார்த்தோம்: சுத்தமான கடல்நீர் வகையில் சேராத பகுதிகளில் எடுத்த உயிர்ச் சிப்பியை நேரே ஐரோப்பாவுக்கு அனுப்புவது 2021-லிருந்து நின்றுபோனது. வாங்குபவன் வேறு சிப்பி தேடிக்கொண்டான். விற்றவன் படகு கரையில்.

கேள்வி: மறுபடி சேர்ந்துவிடுவார்களா?
- அதே மாணவி, செங்கோட்டை

பதில்: சேர மாட்டார்கள். சோதனையைக் குறைக்க மட்டும் 2025 மே 19-ல் பேசி ஒப்புக்கொண்டார்கள். அதே பேச்சில் ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் 2038 வரை மீன் பிடிக்கலாம் என்றும் முடிவானது. எதிரணி கட்டாயம் இந்த மீனைத் தூக்கிக்கொண்டு வரும், தயாராக இரு.